ஸ்கேனர் அட்டையைக் கழற்றிய மளிகைக்கடை மாமா: வரி ஏய்ப்பவரா இல்லையா?

#1 சம்பளநாள்

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். அம்மாவின் தம்பி அங்கே இருபத்தைந்து வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறார். மேலே ஷாம்பு சரம், வாசலில் கோலமாவு மூட்டை, உள்ளே அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை என்று வழக்கமான கடைதான். போன வருடம் நான்தான் அவருக்கு ஸ்கேனர் அட்டையும், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் அந்தப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை போய்ப் பார்த்தால் இரண்டையும் காணோம். அட்டை இருந்த இடத்தில் டேப் ஒட்டிய தடம் மட்டும் இருக்கிறது. கேட்டால், "கர்நாடகாவுல ஸ்கேனர்ல வந்த பணத்தப் பாத்து வரி நோட்டீஸ் விட்டானுங்கல்ல மாப்ளே, அதான்" என்கிறார்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. சம்பளம் என் கணக்குக்கு வருவதற்கு முன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். ஒரு ரூபாயை ஒளிக்க முடியாது. இந்த நாட்டில் 2024 ஜூலை 31 கெடுவுக்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்கள் 7.28 கோடி பேர்தான், அதிலும் பெரும்பாலோருக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். மீதி எல்லாரும் மாமா மாதிரி கல்லாப்பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொள்கிறார்கள். ரோடு மட்டும் எல்லாருக்கும் வேண்டும். நான் நினைப்பதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

#2 ஆணிக்கடை

தப்பே இல்லை தம்பி. நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், ஜிஎஸ்டி பதிவு உண்டு, மாதாமாதம் கணக்கு கொடுக்கிறேன். என் கடைக்கு எதிரே ஒருவர் பதிவே இல்லாமல் ஓட்டுகிறார். வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "பில்லோட எவ்வளவு, பில் இல்லாம எவ்வளவு?" நான் பில்லோடு ஒரு விலைதான் சொல்வேன். அவர் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார். நேர்மையாக இருப்பதற்கு நான் 18 சதவீதம் அபராதம் கட்டுகிறேன், அவ்வளவுதான் விஷயம். சின்ன வியாபாரி, ஏழை வியாபாரி என்று பேசுபவர்கள் ஒரு மாதம் என் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

#3 பேரேடு

ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்கு போட்டுக் கொடுப்பது என் தொழில். உணர்ச்சி இருக்கட்டும், முதலில் கணக்கைப் போடுவோம்.

சம்பளநாள் சார், உங்கள் மாமாவின் வருட விற்பனை 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க மலையாக இருக்கும், ஆனால் அது லாபம் இல்லை, விற்றுமுதல். மளிகையில் கைக்கு நிற்பது 7, 8 சதவீதம். அதாவது வருடத்துக்கு நாலு லட்சம், அதில் வாடகை, கரண்ட், எலி தின்றது, கடனாகப் போய்த் திரும்பாதது எல்லாம் கழிய வேண்டும். வருமான வரியில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு (1961 சட்டத்தில் 44ஏடி): விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம், வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதமே போதும். 50 லட்சத்துக்கு 6 சதவீதம் 3 லட்சம். 8 சதவீதமே போட்டாலும் 4 லட்சம். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. ஆக மாமா யோக்கியமாகக் கணக்கு கொடுத்தாலும் வருமான வரி பூஜ்யம். நீங்கள் கட்டும் வரியை அவர் ஏய்க்கவில்லை. அந்த வரி அவருக்குக் கிடையாது.

அடுத்தது ஜிஎஸ்டி. சரக்கு விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை பதிவே தேவையில்லை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். மாமா 50 லட்சம் என்றால் பதிவு செய்ய வேண்டும், அது சட்டம். ஆனால் அவர் எவ்வளவு ஏய்க்கிறார்? அந்த 50 லட்சத்தில் பாதி சில்லறை அரிசி, பருப்பு, முட்டை, உப்பு, இதற்கெல்லாம் வரி இல்லை. மீதி 25 லட்சம் சோப்பு, எண்ணெய், பிஸ்கட், டீத்தூள். இதை அவர் மொத்தக்கடையில் வாங்கும்போதே வரி கட்டித்தான் வாங்கியிருக்கிறார், பதிவு இல்லாததால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. விட்டுப்போவது அவருடைய லாபப் பங்கின் மேலான வரி மட்டும். 25 லட்சத்தில் 2 லட்சம் லாபம், 5 சதவீத வரி என்றால் வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்.

காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால், அதாவது ஒன்றரைக் கோடி வரை விற்பவர் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகும் திட்டம், அதில் அவர் 25,000 கட்ட வேண்டும். எளிமை என்று சொல்லும் வழியில் இரண்டரை மடங்கு வரி! ஒழுங்கான பதிவில் பத்தாயிரம் கட்டினால் போதும், ஆனால் கணக்கு எழுத எனக்குக் கூலி கொடுக்க வேண்டும், அதுவும் பத்தாயிரத்துக்குக் குறையாது. என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது, ஒளிப்பானேன்.

#4 சம்பளநாள்

சார், நிஜமாகவா? நான் லட்சக்கணக்கில் ஏய்க்கிறார் என்றல்லவா நினைத்தேன். அப்போ கர்நாடகாவில் 30 லட்சம், 40 லட்சம் என்று நோட்டீஸ் போனது எப்படி?

#5 பேரேடு

அங்கேதான் கோளாறு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை 2021-22 முதலான வருடங்களின் யுபிஐ வரவை எடுத்து, அத்தனையும் வரி போடத்தக்க விற்பனை என்று வைத்து, வாங்கும்போது கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கொடுக்காமல், வட்டியும் அபராதமும் சேர்த்துக் கேட்டது. காய்கறி விற்றவருக்கும் வந்தது. காய்கறி மட்டும் விற்பவர் கோடி ரூபாய்க்கு விற்றாலும் பதிவு செய்ய வேண்டாம், அந்தச் சரக்குக்கே வரி இல்லை. மச்சான் கைமாற்றாக அனுப்பிய பத்தாயிரமும் விற்பனை என்று கணக்கில் ஏறியது. பெங்களூரில் கடை கடையாக ஸ்கேனரைக் கிழித்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். கடையடைப்பு வரை போய், சித்தராமையா வியாபாரிகளைக் கூப்பிட்டு, பழைய பாக்கியைக் கேட்கவில்லை, இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. ஆனால் பயம் அடங்கவில்லை. உங்கள் மாமா வரைக்கும் வந்திருக்கிறதே.

#6 பூசணி

முறைசாராத் தொழில் செய்கிறவர்கள் வரி கட்டுவதில்லை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம் வரும். வாரச்சந்தைகளில் காய் விற்று என்னைப் படிக்க வைத்தவர். கல்லூரி விடுமுறையில் நானும் கூடவே உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கணக்கு எனக்குத் தெரியும்.

விடியற்காலை நாலு மணிக்கு கமிஷன் மண்டியில் சரக்கு எடுப்போம். வண்டிக் கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி. சந்தையில் சாக்கை விரித்து அரைமணி ஆகாது, சுங்கக்காரர் வந்துவிடுவார். சந்தையை ஏலம் எடுத்தவருடைய ஆள். கையில் மஞ்சள் சீட்டுக் கட்டு இருக்கும். சீட்டில் 20 ரூபாய் என்று அச்சடித்திருக்கும், வாங்குவது 50. மறுத்தால் அடுத்த வாரம் இடம் இருக்காது. சாயங்காலம் இருட்டினால் பல்பு வாடகை தனி, மழை வந்தால் தார்ப்பாய் வாடகை தனி, பெண்கள் ஒதுங்கிவர ஒவ்வொரு தடவையும் பத்து ரூபாய். போகிற வழியில் யாராவது ஒருவர் வந்து ரெண்டு கிலோ தக்காளியைப் பையில் போடச் சொல்வார், காசு கேட்க முடியாது.

இது எல்லாம் சில்லறை. பெரியது தண்டல். பத்தாயிரம் கடன் என்பார்கள், கையில் தருவது 8,500. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகக் கையில் நிற்கும் பணம் நாலாயிரம் சொச்சம்தான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. வருடக் கணக்கில் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, தண்டல்காரர் வண்டி இன்றைக்கும் ஆறு மணிக்கு டாண் என்று வந்து நிற்கிறது.

நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து 600 ரூபாய் மிச்சமானால் அதில் இருநூறுக்கு மேல் இப்படிப் போகும். மூன்றில் ஒரு பங்கு! சம்பளநாள் சார், உங்கள் அடுக்கில் எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள்?

#7 ஆணிக்கடை

> நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து 600 ரூபாய் மிச்சமானால் அதில் இருநூறுக்கு மேல் இப்படிப் போகும்

அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் தண்டலும் மாமூலும் வரி ஆகாது தங்கச்சி. வரி என்றால் அரசாங்கக் கஜானாவுக்குப் போக வேண்டும். சுங்கக்காரர் பையில் போனது கொள்ளை, அதைக் காட்டி வரி கட்டாததை நியாயப்படுத்தக் கூடாது.

#8 பூசணி

நியாயப்படுத்தவில்லை அண்ணே. காய்கறிக்கு வரியே இல்லை, நியாயப்படுத்த என்ன இருக்கிறது? அம்மாவிடம் இருந்து பணம் போகிறதா இல்லையா என்பதுதான் என் கேள்வி. அரசாங்கம் வந்து நிற்க வேண்டிய இடத்தில் சந்தை ஏலக்காரரும் தண்டல்காரரும் நிற்கிறார்கள். 2020ல் தெரு வியாபாரிகளுக்கு மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வநிதிக் கடன் பத்தாயிரம் வந்தபோதுதான் அம்மா முதல்முறையாகத் தண்டலை நிறுத்தினார். அந்தக் கடனோடு ஸ்கேனர் அட்டையும் கொடுத்தார்கள், அதில் பணம் வாங்கினால் மாதம் நூறு ரூபாய் வரை கேஷ்பேக் என்றார்கள். காசு கொடுத்து ஸ்கேனரைப் பழக்கியவர்களும் இவர்கள்தான், இப்போது ஸ்கேனரைப் பார்த்து நோட்டீஸ் விடுபவர்களும் இவர்கள்தான்.

#9 பழம்புத்தகம்

பொருளாதாரம் படித்தவன், ஆசிரியர் வேலையில் இருக்கிறேன். நல்ல இழை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி போன்ற வரிகள் ஏழைகளை அழுத்துகின்றன என்பது எல்லாரும் சொல்லும் பாட்டு. ஜிஎஸ்டியில் 64 சதவீதம் கீழ்ப்பாதி மக்களிடமிருந்து வருகிறது என்று 2023ல் ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட எண்ணை இன்னமும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அந்த எண் மேல் நம்பிக்கை இல்லை. நாட்டின் மொத்தச் செலவில் பாதிகூடச் செய்யாதவர்கள் எப்படி மூன்றில் இரண்டு பங்கு வரியைக் கட்டுவார்கள்? பியர் பாஷா, லூசி காடென், ஆண்டர்ஸ் ஜென்சன் என்று மூன்று ஆய்வாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட வளரும் நாடுகளில் வீட்டுச் செலவுக் கணக்கை எடுத்து, யார் எந்தக் கடையில் வாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். ஏழைகள் பெரும்பாலும் சந்தையில், தள்ளுவண்டியில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் வாங்குகிறார்கள். வசதி ஏற ஏற சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள், அங்கே பில் போடுகிறார்கள், வரி விழுகிறது. அதனால் முறைசாராக் கடை என்பது ஏழைக்குச் சட்டத்தில் எழுதாத ஒரு வரிவிலக்காக வேலை செய்கிறது. இதைக் கேட்டு ஆணிக்கடை அண்ணனுக்குக் கோபம் வரும், ஆனால் அந்தப் பெட்டிக்கடையை முழுக்க வரிக்குள் இழுத்தால் முதலில் அடி வாங்குவது கடைக்காரர் இல்லை, அங்கே ஐந்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிறவர்தான். பேரேடு சொன்ன மாதிரி, கடைக்காரர் வாங்கும்போதே கட்டிய வரி விலைக்குள் ஒளிந்து எப்படியும் வருகிறது, எனவே முழு விலக்கு இல்லை, அரைகுறை விலக்கு.

அப்படியென்றால் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது? 2022-23ல் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதமும், சொத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டு 1 சதவீதத்திடம் இருப்பதாக பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் பிக்கெட்டி குழுவினர் 2024ல் கணக்கிட்டார்கள். கீழ்ப்பாதியில் இருப்பவரின் சராசரி வருட வருமானம் 71,000 ரூபாய், அந்த 1 சதவீதத்தின் சராசரி 53 லட்சம். இந்தியத் தரவுகள் மோசமாக இருக்கின்றன என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், அதனால் தசமப் புள்ளிக்குச் சத்தியம் செய்ய வேண்டாம். ஆனால் திசை தெரிகிறது.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. 1956ல் கேம்பிரிட்ஜிலிருந்து நிக்கோலஸ் கால்டர் என்ற பொருளாதார அறிஞர் வந்து இந்திய வரிகளைப் பற்றி அறிக்கை கொடுத்தார். சொத்து வரி (நகராட்சி கேட்கும் வீட்டு வரி இல்லை, ஒருவரின் மொத்தச் சொத்து மேல் போடுவது), செலவு வரி, நன்கொடை வரி, மூலதன ஆதாய வரி எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் கேட்டால், ஒரு கட்டத்தில் ஒளித்த பணம் இன்னொரு கட்டத்தில் தலைநீட்டும் என்பது அவருடைய யோசனை. பணக்காரனை அவன் கணக்காலேயே பிடிக்கும் பொறி. அப்போது நிதியமைச்சராக இருந்த நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957ல் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். செலவு வரி 1962ல் போய், 1964ல் அவரே திரும்பக் கொண்டுவந்து, 1966ல் மறுபடி போனது. இறந்தவர் சொத்து மீதான வரி 1985ல் போனது. சொத்து வரி 2015 பட்ஜெட்டோடு போனது. கால்டரின் பொறியில் கம்பி கம்பியாகக் கழன்று இப்போது மிஞ்சியிருப்பது யுபிஐ வரவுப் பட்டியல்தான், அதில் சிக்குவது மளிகைக்கடை.

#10 கொடிகாமம்

கால்டர் எங்கட பக்கமும் வந்தவர், 1958ல். அடுத்த வருடம் இலங்கையிலும் செலவு வரி வந்தது, அதுவும் நிலைக்கவில்லை.

வரி கேட்பது மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்கும் ஆட்களுக்காக எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். 2019 கடைசியில் கோட்டாபய வந்தவுடன் வற் வரியை (மதிப்புக் கூட்டு வரி, VAT) 15 சதவீதத்திலிருந்து 8க்குக் குறைத்தார்கள். அதைவிடப் பெரிய வேலை, பதிவு செய்ய வேண்டிய வருட விற்பனையை 1 கோடியே 20 லட்சம் ரூபாயிலிருந்து 30 கோடிக்கு உயர்த்தியது. ஒரே நாளில் பெரிய பெரிய கடைகளெல்லாம் "சிறு வியாபாரி" ஆகிவிட்டன. சம்பளத்தில் கழிக்கும் வரியையும் எடுத்துவிட்டார்கள். எல்லாரும் கைதட்டினோம், நானும்தான். பொருட்களின் விலை குறைந்ததா என்றால் எங்கள் சந்தியில் குறைந்த ஞாபகம் எனக்கில்லை. அப்புறம் கொரோனா, உல்லாசப் பயணிகள் இல்லை, டொலர் இல்லை, 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு படுத்திருக்கிறேன்.

பிறகு விட்ட வரியைத் திரும்பப் பிடித்தபோது யாரிடம் பிடித்தார்கள் என்பதுதான் கதை. வற் 12, பிறகு 15, 2024 ஜனவரியிலிருந்து 18. அதுவரை விலக்காக இருந்த எரிவாயு, டீசலுக்கும் சேர்த்து. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் எடுப்பவர்களுக்கு 2023 ஜனவரியில் வருமான வரி போட்டார்கள், உச்சம் 36 சதவீதம். வைத்தியர்களும் வங்கிக்காரர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் தெருவில் இறங்கினார்கள், பலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். விட்டது பெரிய கடைகளுக்கு, பிடித்தது சம்பளக்காரரிடமும் ஒரு சிலிண்டர் எரிவாயு வாங்குபவரிடமும். சம்பளநாள், உங்கள் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் மாமா மேல் கோபப்பட்டு என்ன பயன்?

#11 மட்டுறுத்துநர்

கட்சிப் பேச்சோடு வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. டாஸ்மாக் பற்றி வரியோடு சம்பந்தப்படுத்திப் பேசலாம், சின்னத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

#12 பூசணி

சரி, வரியோடு சம்பந்தப்படுத்தியே பேசுகிறேன். 2023-24ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். அதில் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தது கட்டட வேலைக்காரரும் லோடுமேனும்தான். அவர்கள் எந்தக் கணக்குப் படிவத்திலும் வரி கட்டுபவர் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டிய கூலியில் இவ்வளவு போகிறது, ஆனாலும் "வரி கட்டாத கூட்டம்" என்ற பெயர் மட்டும் அவர்களுக்கு.

#13 தூரதேசம்

கானாவில், அக்ராவில் ஆறு வருடம் இருந்தேன். முறைசாராத் துறை என்ற சொல்லே அந்த ஊரைப் பார்த்துத்தான் புழக்கத்துக்கு வந்தது, கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர் 1960களில் அங்கே ஆய்வு செய்து 1970களின் தொடக்கத்தில் எழுதினார். நம்ம ஜிபே மாதிரி அங்கே மோமோ, மொபைலிலேயே பணம். 2022 மே மாதம் மோமோவில் பணம் அனுப்பினால் 1.5 சதவீதம் வரி என்று போட்டார்கள், ஒரு நாளைக்கு நூறு செடி (அந்த நாட்டுப் பணம்) வரை விலக்கு. நான் சாப்பிடும் கடைக்கார அம்மா மறுநாளே கையால் சைகை காட்டினார், போனை உள்ளே வை, நோட்டை எடு என்று. எதிர்பார்த்த வருமானம் பக்கத்தில்கூட வரவில்லை. 1 சதவீதமாகக் குறைத்துப் பார்த்தார்கள், கடைசியில் 2025ல் புதிய அரசு எடுத்தேவிட்டது. உங்கள் மாமா டேப்பைக் கிழித்ததைப் படித்ததும் அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

#14 ஆணிக்கடை

நேற்று முழுக்க யோசித்தேன். பேரேடு சார் கணக்கைப் பேப்பரில் போட்டும் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் போட்டி மளிகைக்கடை இல்லை. எதிர்க்கடைக்காரருக்கு பில் இல்லாமல் சரக்கு எங்கிருந்து வருகிறது? மேலே ஒருவர் பில் இல்லாமல் விற்கிறார், அவருக்கு மேலே ஒருவர். இன்னொரு பக்கம் சரக்கே இல்லாமல் வெறும் பில்லை மட்டும் விற்கும் கூட்டம். கூலித் தொழிலாளியிடம் ஆதார், பான் நகலை வாங்கி அவர் பெயரில் கம்பெனி திறந்து கோடிக்கணக்கில் பில் போட்டுவிட்டுக் காணாமல் போவார்கள், நோட்டீஸ் அந்தக் கூலிக்காரர் வீட்டுக்குப் போகும். செய்தியில் மாதம் ஒன்று வருகிறது.

அப்புறம், ஏய்ப்பு என்றால் சட்டத்தை மீறுவது மட்டும் இல்லை, சட்டத்தை அளந்து தப்பிப்பதும் உண்டு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் போட்டார்கள் இல்லையா, ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 26 கிலோ மூட்டை போட்டார்கள்! நான் வீட்டுக்கு வாங்குவதும் அதுதான். ஒரு கிலோ அரிசியில் சட்டம் முடிந்துவிட்டது.

#15 பழம்புத்தகம்

பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று 2024ல் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டல்காரர் நிதியமைச்சரிடமே கேட்டாரே, அதே வகை. கோடு போட்டால் கோட்டுக்குப் பக்கத்தில் ஆள் வந்து நிற்பான். தீப்பெட்டியிலும் இதே கதைதான், ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்ததற்கு 5, மெஷினுக்கு 18. கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் எது கை, எது மெஷின் என்று மூன்று வருடம் சண்டை நடந்தது, 2020ல் இரண்டுக்கும் 12 என்று ஆக்கிவிட்டார்கள். வேலைவாய்ப்பைக் காப்பாற்றப் போட்ட கோடு, கடைசியில் கடையைச் சின்னதாகவே வைத்திருப்பதற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

#16 சம்பளநாள்

இவ்வளவு பேர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

2021ல் தாம்பரம் தாண்டி ஒரு மனை வாங்கினேன். பேசிய விலை 32 லட்சம், பத்திரத்தில் போட்டது 19. வழிகாட்டி மதிப்புக்குக் கொஞ்சம் மேலே. மீதி 13 லட்சத்தை விற்றவர் ரொக்கமாகத்தான் கேட்டார், "எல்லாரும் அப்படித்தான் தம்பி" என்றார். அப்போது முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4, மொத்தம் 11 சதவீதம். எனக்கும் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே மிச்சம் என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்த 13 லட்சத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகப் புரட்டிக் கொடுத்தவர் யார் தெரியுமா? இதே மாமா. கல்லாவில் இருந்தும் சீட்டில் இருந்தும் எடுத்துக் கொடுத்தார், ஒரு பைசா வட்டி வாங்கவில்லை.

மளிகைக்கடையில் பத்தாயிரம் ரூபாய் வரிக்குக் கொதித்து எழுந்தவன் இதை எழுதும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

#17 பேரேடு

முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள், எழுதாதவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். என்னிடம் வரும் வாடிக்கையாளர்களில் மனை விற்றவர் ஒருவர்கூட முழு விலையைச் சொன்னதில்லை, நானும் கேட்பதில்லை. விற்றவருக்கு மூலதன ஆதாய வரி மிச்சம், உங்களுக்கு முத்திரைத்தாள் மிச்சம், இருவரும் சிரித்துக்கொண்டே பதிவு அலுவலகத்தில் கைரேகை வைப்பீர்கள்.

வெள்ளையாகச் சம்பாதிப்பவர்களுக்குள்ளேயும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தில் மேல் அடுக்குக்கு 30 சதவீதமும் செஸ்ஸும். பங்குச்சந்தையில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதுவும் 2024 ஜூலையில் ஏற்றிய பிறகு, அதற்கு முன் 10. கம்பெனிகளுக்கு 2019 செப்டம்பரில் 30 சதவீதத்தை 22 ஆக்கினார்கள். உழைத்துச் சம்பாதிப்பதற்கு ஒரு வீதம், பணம் பணத்தைச் சம்பாதிப்பதற்கு அதில் பாதிக்கும் கீழே. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதைக் காட்டி பண்ணைத் தோட்டம் வாங்கிப்போடும் ஆட்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு இழை வேண்டும்.

#18 ஆணிக்கடை

சம்பளநாள் தம்பி, நானும் கடை இடத்தை வாங்கியது அப்படித்தான். விடுங்கள்.

#19 கொடிகாமம்

நீங்கள் எல்லாரும் ஒப்புக்கொள்ளத் தொடங்கினால் எங்கட ஆட்களும் ஒப்புக்கொள்ள வேண்டி வரும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் யாரும் தமிழ் இணையம் வாசிப்பதில்லை என்று நம்புகிறேன்.

#20 சம்பளநாள்

போன சனி, ஞாயிறு திரும்ப ஊருக்குப் போனேன். மாமாவோடு உட்கார்ந்து கொள்முதல் பில்லை எல்லாம் எடுத்தோம். ஒரு ரொட்டி டப்பாவில் அமுக்கி வைத்திருக்கிறார், பாதி மஞ்சளாகி எழுத்தே தெரியவில்லை. போன நிதியாண்டுக்கு மொத்தக் கொள்முதல் 33 லட்சம் வந்தது. லாபத்தைச் சேர்த்தால் விற்பனை 36 லட்சத்துக்குள். 40க்குக் கீழே! பதிவே தேவையில்லை. இதற்குப் போய் அட்டையைக் கழற்றினீர்களா என்று நான் கேட்க, மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளே போய் இன்னொரு நோட்டை எடுத்து வந்தார்.

சீட்டு நோட்டு. இருபது பேர், மாதம் ஐயாயிரம். அதில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கடை ஸ்கேனரிலேயே அனுப்பியிருக்கிறார்கள், வருடத்துக்கு ஒன்பது லட்சம். அதையும் சேர்த்து அந்தக் கணக்கில் 31 லட்சம் வந்திருக்கிறது. அவர் பயம் என்னவென்றால், ஸ்கேனரிலேயே 31 லட்சம் என்றால் ரொக்கத்தையும் கூட்டி 50, 60 என்று எழுதிவிடுவார்கள், இது சீட்டுப் பணம் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் சீட்டைப் பதிவு செய்யவில்லை. சொன்னால் ஒரு சட்டம், சொல்லாவிட்டால் ஒரு சட்டம். அந்தச் சீட்டு எடுத்துத்தான் போன வருடம் மூன்று வீட்டில் கல்யாணம் நடந்தது, தண்டல்காரரிடம் போகாமல்.

அட்டையை இப்போது உப்பு மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். சில்லறை இல்லை என்று யாராவது நின்றால் மட்டும் எடுத்துக் காட்டுகிறார். சத்தம் போடும் பெட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

#21 பேரேடு

சீட்டுச் சட்டம் 1982. பதிவில்லாத சீட்டு நடத்துவது குற்றம், அதை மாமாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நடத்தத்தான் போகிறார் என்பது எனக்கும் தெரியும், அதனால் குறைந்தபட்சம் கடைக் கணக்கில் அந்தப் பணம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைக்கு ஒரு நடப்புக் கணக்கு தனியாக வேண்டும்.

அந்த மஞ்சள் பில்களை முதலில் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். மொத்தக்கடைக்காரர்கள் தரும் வெப்பத்தாள் பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், நாளைக்கே யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு வெள்ளைத்தாள்தான் இருக்கும்.

#22 பூசணி

டப்பாவில் ரெண்டு நாப்தலீன் உருண்டையும் போடச் சொல்லுங்கள். அம்மாவுடைய ஸ்வநிதி ரசீது முழுக்க கரப்பான் தின்றுவிட்டது.